அமாவாசைக்கு மறுநாள் நிற்கிற தறி

12-6-2025, வியாழன்

திருமலை அண்ணன் ஷெட்டில் நாலு தறிக்கும் இன்று நிலையான நெட்வொர்க் முகவரி கொடுத்து முடித்தேன். ஒரு வாரமாக இதே பேஜார். ஒவ்வொரு தறியின் தலைமேலும் நான் வைத்த சோப்பு டப்பா அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று, சேலையில் பூ எடுக்கிற ஜக்கார்டுக்கு அதுதான் சொல்லும். ரூட்டர் தன் இஷ்டத்துக்கு இவற்றுக்கு நம்பரை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து அண்ணன் ரெண்டாம் தறியைத் திறந்தால் நாலாம் தறி வந்து நிற்கும். "தறிக்கு நம்பர் போட்டது நானு மேடம். அதை மாத்த இது யாரு?" என்றார். நியாயம்தான். இப்போது ஒண்ணாம் தறிக்கு 51, ரெண்டுக்கு 52, அப்படியே 54 வரை. இனி மாறாது.

மாற்றிய கையோடு வேறு ஒரு சிக்கல். முகவரி நின்றது, காஞ்சிபுரத்து டிசைனர் சர்வரிலிருந்து டிசைன் வரவில்லை. நம்பரைப் போட்டுக் கூப்பிட்டால் வெளியுலகம் பதில் சொல்கிறது, பேரைப் போட்டுக் கூப்பிட்டால் அப்படி யாருமே இல்லை என்கிறது. டி.என்.எஸ். கோளாறு. பேரைச் சொன்னால் நம்பரைச் சொல்கிற சர்வர் எங்கே இருக்கிறது என்று போர்டுக்குத் தெரியவில்லை. அதற்கென்று இருக்கிற ரிசால்வ் ஃபைலில் 8.8.8.8 என்று ஒரு வரி எழுதினேன். உடனே டிசைன் இறங்கிவிட்டது. என் பழைய போர்டுகளில் நான் எப்போதும் வைக்கிற செட்டிங்ஸ் ஃபைலையும் நாலிலும் காப்பி செய்து வைத்தேன், நிரந்தரத்துக்கு.

வீட்டுக்கு வந்து ஜானிடம், "இனிமேல் அந்த ஷெட்டுக்கு நான் போகவே வேண்டியதில்லை" என்றேன். கணக்கு வாத்தியாரைக் கட்டினால் இப்படித்தான். பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எழுதிக் கொடு, கையெழுத்துப் போடு" என்றார்.

14-6-2025, சனி

மூணாம் தறிக்கு ஆள் வந்துவிட்டது. சூர்யகலா. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தறியில் இருந்தவள். ரெண்டு வருஷம் முன்பு கர்ப்பப்பையை எடுத்தார்கள், கனமான மிதி மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை வாய் தைக்கிற வேலை. தூசியில் எந்நேரமும் இருமல். இங்கே இழையைத் தூக்குவது மோட்டார். மிதியில் சும்மா கால் வைத்தால் போதும். அதற்காகத்தான் வந்திருக்கிறாள்.

வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அக்கா, இது நிலைக்குமா? மில்லு மேஸ்திரி ஆகஸ்ட்டு முடியுற வரைக்கும் எம் பேரை அடிக்காம வச்சிகினு இருக்கேன்னாரு. அதுக்கு மேல வேற ஆளைப் போட்டுடுவாரு."

நிலைக்கும் என்றேன். யோசிக்கக்கூட இல்லை, சட்டென்று சொல்லிவிட்டேன்.

20-6-2025, வெள்ளி

டிசைனை ஏன் மொத்தமாக ஏற்றி வைக்கக் கூடாது என்று சூர்யகலா கேட்டாள். நல்ல கேள்வி. காஞ்சிபுரத்தில் இருக்கிற டிசைனர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். மொத்தமாகக் கொடுத்தால் ஒரே வாரத்தில் அதே பார்டர் பக்கத்துத் தெருவில் ஓடும் என்று பயம். பயத்தில் தப்பில்லை, இந்த ஊரில் அது நடக்கும். அதனால் அன்றன்றைக்கு நெய்கிற அளவு மட்டும் காலையில் அவர் சர்வரிலிருந்து இறங்கும், சாயங்காலம் அழிந்துபோகும். ஆக, காலையில் சர்வரைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாவிட்டால் அன்றைக்குத் தறி இல்லை.

24-6-2025, செவ்வாய்

மழை. மத்தியானம் ரெண்டு தடவை கரண்டு போனது. ஷெட்டுக்கு போன் போட்டேன். இன்வெர்ட்டர் தாங்கிக்கொண்டது, போர்டு ஒன்றுகூட அணையவில்லை. கெட்டிதான்.

26-6-2025, வியாழன்

கெட்டியாம் கெட்டி.

காலை ஏழே காலுக்கு சூர்யகலா போன். "அக்கா, டிசைன் எறங்கல. ஸ்கிரீன்ல செவப்பா என்னமோ எழுதிகினு நிக்குது." போட்டோ அனுப்பச் சொன்னேன். சர்வர் பெயர் கிடைக்கவில்லை என்று இருந்தது. நாலு தறியிலும் அதே. மூலையில் தேதிகூடத் தப்பு. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, இந்த போர்டுக்குள் கடிகார பேட்டரி கிடையாது. நெட்டைப் பார்த்துத்தான் தேதியைச் சரிபண்ணிக்கொள்ளும். நெட் கிடைக்காவிட்டால் தப்பாகத்தான் காட்டும்.

ஓடினேன். ரிசால்வ் ஃபைலைத் திறந்தால் காலி. நான் எழுதிய வரி இல்லை. யார் அழித்தது? ரூட்டராகத்தான் இருக்கும். நெட் லைன்காரரை வரவழைத்தேன், லைனில் ஒன்றுமில்லை என்று போய்விட்டார். மறுபடி அந்த வரியை நாலிலும் எழுதினேன், பதினொரு மணிக்கு ஓட ஆரம்பித்தது. அரை நாள் போச்சு.

"ஏன் மேடம் நின்னுச்சு?" என்றார் திருமலை அண்ணன்.

"ரூட்டர் கொழப்பம்ணா. சரி பண்ணிட்டேன்."

எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

5-7-2025, சனி

பத்து நாளாக ஒரு தொல்லையும் இல்லை. சூர்யகலா முதல் சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டாள். அண்ணன் சேலையை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் மடித்தார். அவரிடம் அதுதான் பாராட்டு என்று ரஞ்சித்குமார் சொன்னார். ரஞ்சித்குமார் ஒண்ணாம் தறிக்காரர், ஷெட்டில் எல்லாருக்கும் மூத்தவர், வாய் அதிகம்.

சூர்யகலாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

12-7-2025, சனி

முகவரி போட்டு முப்பது நாள். ஜானுக்கு ஞாபகப்படுத்தினேன். கையெழுத்து இன்னும் வாங்கவில்லையாம்.

25-7-2025, வெள்ளி

வேலூரில் இருக்கிறேன். சித்தி மகளுக்கு இன்று நிச்சயதார்த்தம். காலையில் தலை வாரிக்கொண்டிருக்கும்போது போன். அதே சிவப்பு எழுத்து. அதே போட்டோ. நாலு தறி.

எப்படி? எப்படி மறுபடி? போன தடவை எழுதினது ஒரு மாசம் ஓடிச்சே. ஒரு மாசம் ஓடினது ஏன் திடீர்னு நிக்கணும்?

சூர்யகலா ஒண்ணும் திட்டல. "நீங்க எப்ப வருவீங்கக்கா"ன்னு மட்டும் கேட்டா. அதுதான் தாங்கல. நாளைக்கு விடிஞ்சதும் வந்துடறேன்னேன். நிச்சயதார்த்தத்துல என்ன சாப்பிட்டேன்னே தெரியல.

26-7-2025, சனி

முதல் பஸ்ஸில் வந்து நேராக ஷெட்டுக்குப் போனேன். ஃபைல் காலி. எழுதினேன். ஓடியது. புது ரூட்டரும் மாட்டிவிட்டேன், பழையது மேல்தான் சந்தேகம்.

நான் குனிந்து ஒயரை மாட்டிக்கொண்டிருந்தபோது ரஞ்சித்குமார் பின்னாலிருந்து சொன்னார். "போன மாசமும் அமாவாசைக்கு மறுநாள். இந்த மாசமும் ஆடி அமாவாசைக்கு மறுநாள். நான் சொன்னா சிரிப்பீங்க. சுத்திப் போடணும் மேடம் இதுக்கு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "மெஷினுக்கு ஏதுங்க அமாவாசை பௌர்ணமி? நாலு எழுத்து படிச்சவங்க பேசற பேச்சா இது?" என்று கேட்டுவிட்டேன். அவர் எட்டாவது வரைதான் படித்தவர். எனக்கு அது தெரியும். தெரிந்தே வாயில் வந்துவிட்டது. அவர் போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார்.

கிளம்பும்போது திருமலை அண்ணன் வாசல் வரை வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "மேடம், உங்க மேல கொறை சொல்லல. ஆனா நாலு பேரு வயிறு இதுல இருக்குது. இன்னொரு வாட்டி நின்னுதுன்னா டப்பாவை எல்லாம் கழட்டிகினு போயிடுங்க. நான் பழைய அட்டை ஜக்கார்டையே ஏத்திக்கிறேன்."

அட்டை ஜக்கார்டு என்றால் பழைய கனமான மிதி. மற்ற மூன்று பேரும் மிதித்துவிடுவார்கள். சூர்யகலாவால் முடியாது. அவள் தறியின் பாவு நூலைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

27-7-2025, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெளியே வரும்போது ஜான், "சரி பண்ணிட்டே. ஏன் கெட்டதுன்னு தெரியுமா?" என்றார். வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பதுபோல. எரிச்சலாக வந்தது.

தெரியாது. அதுதான் உண்மை. விடை மட்டும் எழுதி வழி எழுதாத பிள்ளை நான்.

30-7-2025, புதன்

ஓடுகிறது. ஓடுவதைப் பார்த்தாலே இப்போது பயமாக இருக்கிறது.

3-8-2025, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் இடமில்லை என்று போட்டோக்களை அழித்துக்கொண்டிருந்தேன். சூர்யகலா அனுப்பிய அந்த ரெண்டு சிவப்பு எழுத்துப் போட்டோக்களும் வந்தன. அழிக்கப் போனேன். மூலையில் தேதி. ஜூன் 26ஆம் தேதி காலையில் அனுப்பிய படத்தில் போர்டு காட்டுகிற தேதி ஜூன் 24, சாயங்காலம் ஏழரை. ஜூலை 25 காலையில் அனுப்பியதில் ஜூலை 23, சாயங்காலம் ஏழே முக்கால்.

தேதி தப்பு என்று ரெண்டு தடவையும் பார்த்தேன். எவ்வளவு தப்பு என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இந்த போர்டு அணையும்போது கடைசி மணியைக் குறித்து வைத்துக்கொள்ளும். திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். அப்படியென்றால் ரெண்டு தடவையும் போர்டு ஒரு நாள் முழுக்க, அதற்கு மேலும், அணைந்து கிடந்திருக்கிறது. இன்வெர்ட்டர் இருக்கிற ஷெட்டில் எப்படி?

சூர்யகலாவுக்குப் போன் போட்டேன். "ஜூன் இருபத்தஞ்சு அன்னிக்கு ஷெட்டுல என்ன நடந்துச்சு?"

"அன்னிக்கு ஷெட்டே இல்லையேக்கா. அமாவாசை."

"தறி ஓட்ட மாட்டீங்க, தெரியும். போர்டு ஏன் அணைஞ்சுது?"

"தறி ஓடாதப்ப அது எதுக்கு எரியணும்? மொத நாள் சாயங்காலமே தறியைத் தொடச்சு சூடம் காட்டிட்டு அண்ணன் மெயினை எறக்கிடுவாரு. இன்வெர்ட்டரையும் சேர்த்துத்தான். அமாவாசை அன்னிக்கு ஷெட்டுல கரண்டே இருக்கக் கூடாது அவருக்கு. மறுநாள் காலையிலதான் போடுவாரு." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சோம்" என்றாள்.

பதினாலு வருஷமாக ஆரணியில் குடியிருக்கிறேன். அமாவாசைக்குத் தறிச் சத்தம் கேட்காது என்று தெரியும். ஆளுக்குத்தான் லீவு என்று நினைத்துவிட்டேன். தறிக்கும் லீவு. என் போர்டுக்கும் லீவு.

ரஞ்சித்குமார் சொன்னது அத்தனையும் சரி. நாள் சரி, கணக்கு சரி. நான்தான் காதைப் பொத்திக்கொண்டேன்.

4-8-2025, திங்கள்

இன்று ஏன் என்பதும் தெரிந்தது. சொன்னால் வெட்கம், இங்கே எழுதினால் பரவாயில்லை.

ரூட்டர் தானாக முகவரி கொடுக்கும்போது, பேர் கேட்க வேண்டிய சர்வர் எது என்பதையும் கூடவே சொல்லி அனுப்புகிறது. ஜூன் மாதம் நான் கையால் முகவரி எழுதியபோது அந்தச் சர்வருக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன். அதற்குத்தான் என் பழைய செட்டிங்ஸ் ஃபைலை வைத்திருக்கிறோமே என்று. ஆனால் இந்தப் புது சிஸ்டம் அந்த ஃபைலைப் படிப்பதே இல்லை. பழைய சிஸ்டத்தோடு அதைப் படிக்கிற ஆளே போய்விட்டது, இப்போது நெட்வொர்க் மேனேஜர் என்கிற புரோகிராம்தான் எல்லாம். நாலு போர்டிலும் யாரும் படிக்காத ஒரு காகிதத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ரிசால்வ் ஃபைலில் கையால் எழுதியது? போர்டு ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் நெட்வொர்க் மேனேஜர் அந்த ஃபைலைப் புதிதாக எழுதும். அதற்கு நான் கொடுத்த கட்டம் காலி, அதனால் காலியாக எழுதியது. ரூட்டர் பாவம். நெட் லைன்காரர் பாவம். புது ரூட்டர் தண்டம்.

போர்டு அணையாத வரைக்கும் என் எழுத்து இருந்தது. இன்வெர்ட்டர் அதை அணைய விடவில்லை. மாசத்துக்கு ஒரே ஒரு தடவை அணைந்தது. ஜூன் மாதமே ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஓடிகினு இருக்கறதை எதுக்கு அணைக்கணும்னு இருந்துட்டேன். சோம்பேறித்தனம் இல்ல இது, பயம்.

நாலிலும் சர்வர் முகவரியை, அதே எட்டு எட்டை, அந்தக் கட்டத்திலேயே எழுதினேன். ஒன்றுக்கு ரெண்டாக. ஒன்று பதில் சொல்லாவிட்டால் இன்னொன்று. பழைய ஃபைலை அழித்தேன். சாப்பாட்டு வேளையில் தறி நின்றிருந்தபோது சூர்யகலாவிடம் கேட்டு மூணாம் தறி போர்டை மட்டும் பிளக்கைப் பிடுங்கினேன். அவள் சோற்றுக் கையோடு வந்து நின்றாள். பத்து நிமிஷம் விட்டுப் போட்டேன். எழுந்தது. தேதி சரியானது. டிசைன் இறங்கியது.

"எறங்கிடுச்சா?" என்றாள். "எறங்கிடுச்சு." திரும்பப் பிடுங்கச் சொன்னாள். பிடுங்கினேன். போட்டேன். இறங்கியது. மூணாவது தடவை பிளக்கை அவளே பிடுங்கினாள். அதுக்கும் இறங்கியது. அப்புறம்தான் போய்ச் சாப்பிட்டாள்.

எனக்கு அவ்வளவு நிம்மதி.

5-8-2025, செவ்வாய்

நேற்று எழுத விட்டுப்போனது. எழுதப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

கிளம்பும்முன் திருமலை அண்ணனிடம் போய், ரூட்டர் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது, முதல் தடவை கேட்டபோதே எனக்குக் காரணம் தெரியாது, தெரிந்த மாதிரி சொன்னேன் என்றேன். கேட்டுக்கொண்டார். "சரி. அமாவாசை வரட்டும் பாக்கலாம்." அவ்வளவுதான்.

அப்புறம் ரஞ்சித்குமாரிடம். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீங்க சொன்னதுதாங்க சரி. அமாவாசைதான். நான் பேசினது தப்பு, மன்னிச்சுக்கங்க" என்றேன். குறுக்கிழை ஓட்டுகிற நாடாவை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப சுத்திப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். "எதால?" "எட்டால." அவருக்குப் புரியவில்லை, ஆனால் சிரித்தார். டீ சொல்லி வரவழைத்துக் கொடுத்தார்.

15-8-2025, வெள்ளி

லீவு. ஜான் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிவிட்டு மிட்டாயோடு வந்தார். நான் காலண்டர் முன்னால் நிற்பதைப் பார்த்து, "அமாவாசைக்கு இவ்வளவு ஆவலா காத்துகினு இருக்கற கிறிஸ்தவச்சியை நான் பாத்ததே இல்ல. சர்ச்சுல தெரிஞ்சா என்ன சொல்வாங்க?" என்றார். மிட்டாயில் பாதியைப் பிடுங்கிக்கொண்டேன்.

சிரித்தேனே தவிர உள்ளே பயம் போகவில்லை. ஒரு போர்டைப் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பது வேறு, ரூட்டரும் நாலு போர்டும் ஒன்றாக ஒரு நாள் முழுக்கக் கிடந்துவிட்டு ஒன்றாக எழுந்திருப்பது வேறு. ரூட்டர் எழ நேரமானால்? பொறுத்துத் திரும்பக் கேட்கும்படி எழுதியிருக்கிறேன். இருந்தாலும்.

20-8-2025, புதன்

மில் மேஸ்திரி சூர்யகலா வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார், மாசக் கடைசிக்குள் ஒரு பதில் வேண்டும் என்று. "சனிக்கிழமை சொல்றேன்னு சொல்லி அனுப்பிட்டேன்க்கா." ஏன் சனிக்கிழமை என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அமாவாசை.

21-8-2025, வியாழன்

சனிக்கிழமை காலையில் மெயின் போடும்போது நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன் என்று அண்ணனிடம் கேட்டேன். "வேணாம் மேடம்" என்றார். "நீங்க பக்கத்துல நின்னா ஓடாததும் ஓடிடும். நீங்க இல்லாதப்ப ஓடணும், அதுதான் எனக்கு வேணும்."

அவர் சொல்வதுதான் சரியான டெஸ்ட்.

22-8-2025, வெள்ளி

அமாவாசை. தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. பீரோவை ஒழித்து அடுக்கினேன். ஒழித்து முடித்ததும் ஒழிக்கவே தேவையில்லை என்று தெரிந்தது. ஜெபம் பண்ணினேன். நெட்வொர்க் மேனேஜருக்காக ஜெபம் பண்ணலாமா என்று தெரியவில்லை, சூர்யகலாவுக்காகப் பண்ணினேன்.

23-8-2025, சனி

ஆறு மணிக்கே எழுந்துவிட்டேன். போனை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டுதான் இட்லி ஊற்றினேன். ஏழு மணிக்கு மெயின் போடுவார்கள். ஏழே காலுக்குத்தான் ரெண்டு தடவையும் போன் வந்தது.

ஏழே கால். ஒன்றுமில்லை. ஏழரை. ஜான் குளித்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே சட்னி போட்டுக்கொண்டார். எட்டு மணி. போன் வரவில்லை என்றால் நல்லதுதானே? இல்ல, ஒருவேளை கூப்பிடவே வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்களா? அண்ணன் சொன்னார் இல்ல, இன்னொரு வாட்டி நின்னா கழட்டிகினு போயிடுங்கன்னு. இனிமே இவளைக் கூப்பிட்டு என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டாங்களா? அந்தப் பொண்ணு அழுதுகினு களம்பூர் பஸ்ஸு ஏறிட்டாளா? எட்டரை. போன்ல சார்ஜ் இருக்குதான்னு பார்த்தேன். சிக்னல் இருக்குதான்னு பார்த்தேன். ஜானை அவர் போனிலிருந்து எனக்கு ஒரு தடவை போடச் சொன்னேன். அடித்தது.

ஒன்பதே காலுக்குப் பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். ரொம்ப நேரம் அடித்து எடுத்தாள். பின்னால் தடதடவென்று சத்தம், அவள் பேச்சே சரியாகக் கேட்கவில்லை.

"சூர்யா, என்ன ஆச்சு? டிசைன்—"

"அக்கா, பார்டர்ல பூ ஓடிகினு இருக்குது, நடுவுல உட முடியாது. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள்.

என்னை யாரும் இவ்வளவு அழகாகப் பாதியில் துண்டித்ததே இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஜான் பயந்து, "என்ன, நின்னுடுச்சா?" என்றார். தலையை ஆட்டினேன், இல்லை என்று. "ஓடுது. ஓடறதால பேச நேரமில்லையாம்." அவர் ஒரு தட்டில் மூணு இட்லி வைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் தின்றேன். இன்னும் ரெண்டு கேட்டேன்.

மத்தியானம் திருமலை அண்ணனிடமிருந்து ஒரு போட்டோ. நாலு தறியும். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

25-8-2025, திங்கள்

மேஸ்திரிக்கு சனிக்கிழமையே பதில் சொல்லிவிட்டாளாம். சாயங்காலம் தறியை விட்டு இறங்கி, கை கழுவி, ஷெட் வாசலில் நின்றே போன் போட்டிருக்கிறாள். "எம் பேரை அடிச்சிடுங்க, நான் வரமாட்டேன்னு சொன்னேன். அவரு, நல்லா யோசிச்சியாம்மான்னாரு. ரெண்டு மாசமா அதைத்தாங்க யோசிச்சிகினு இருந்தேன்னேன்."

இதைச் சொல்லும்போது அவள் நிறுத்தாமல் நெய்துகொண்டுதான் இருந்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை எதுவும் இல்லை எனக்கு அங்கே. சும்மாதான் போனேன்.

6-9-2025, சனி

பக்கத்து ஷெட்டுக்காரர் ஆறு தறிக்குக் கேட்டு வந்தார். எப்போது வந்து மாட்டுவீர்கள் என்றார். முதலில் நான் கேள்வி கேட்டேன். அமாவாசைக்கு எதை எதை அணைப்பீர்கள், இன்வெர்ட்டரையுமா, ஆயுத பூஜைக்கு எத்தனை நாள், வேறு எந்த நாளில் மெயினை இறக்குவீர்கள். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே?" என்றார்.

அங்கே மாட்டினதும் முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரு தடவை மொத்தமாக அணைத்துப் போட்டுப் பார்ப்பது. அவர் எதிரிலேயே.

23-9-2025, செவ்வாய்

சனிக்கிழமை கலசப்பாக்கத்தில் தங்கை அமுதா வீட்டுக்குப் போய்விட்டு நேற்று சாயங்காலம்தான் திரும்பினோம். சார்ஜரை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். போன் ஞாயிற்றுக்கிழமை காலையே செத்துவிட்டது. அமுதா சார்ஜர் தருகிறேன் என்றாள், அப்புறம் பார்த்துக்கலாம் என்று மாட்டவே இல்லை.

இன்று காலையில் சார்ஜ் போட்டதும் சூர்யகலாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ், நேற்று பத்து மணிக்கு அனுப்பியது. நல்ல கோபத்தில் இருந்தாள்.

"அக்கா, இந்தப் புது டிசைன்ல மயிலு கழுத்து கொக்கு மாதிரி நீட்டிகினு நிக்குது. காலையில எறங்குனதுல இருந்து பாத்துகினு இருக்கேன், எனக்கு நெய்யவே புடிக்கல. அந்த டிசைன்காரருக்கு மயிலை ஒரு வாட்டி நேர்ல போய்ப் பாக்கச் சொல்லுங்க."

தறிச் சத்தத்தின் நடுவே பேசியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே டிசைனருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். கழுத்தைக் குறைக்கிறாராம்.

நாலு நாளாகக் கிழிக்காத காலண்டரைக் கிழிக்கப் போனபோதுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. யாரும் என்னிடம் சொல்லவே இல்லை.